எஞ்சியதை அளந்த கணக்கு

விட்டத்தின் நான்கு மடங்கை 1, 3, 5, 7 என்னும் ஒற்றைப்படை எண்களால் தனித்தனியே வகுத்து, கிடைக்கும் ஈவுகளை மாறி மாறிக் கழித்தும் கூட்டியும் சென்றால் வட்டத்தின் பரிதி கிடைக்கும் என்பது, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த சங்கமகிராமத்து மாதவரின் கண்டுபிடிப்பு எனக் கேரளக் கணித மரபினர் எழுதி வைத்தனர். உறுப்புக்கு உறுப்பு குறி மாறும் இதே தொடரை ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் 1670களில்தான் கண்டார்.

ஆனால் இத்தொடர் மெதுவாகவே இலக்கை நெருங்குவது. விட்டம் 1 என்று கொண்டு பத்து உறுப்புகள் வரை சென்றாலும் 3.0418 தான் வரும், ஐந்து தசம இடங்கள் சரியாக அமைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் வேண்டும். ஓலையும் சோழியும் கொண்டு கணித்தவர்களுக்கு இது ஆகாத காரியம். ஆகவே அவர்கள் தொடரை ஓரிடத்தில் நிறுத்தி, விடுபட்ட பகுதியின் அளவை மதிப்பிட்டுச் சேர்த்தனர். இதற்கு அந்திய சமஸ்காரம், அதாவது இறுதித் திருத்தம், என்று பெயர். கடைசியாக வகுத்த ஒற்றைப்படை எண்ணுக்கு அடுத்த இரட்டைப்படை எண்ணை எடுத்து, அதன் பாதியால் விட்டத்தின் நான்கு மடங்கைப் பெருக்கி, அந்த இரட்டை எண்ணின் வர்க்கத்தோடு 1 கூட்டி வந்ததால் வகுக்க வேண்டும். பத்தாம் உறுப்பின் வகுஎண் 19, அடுத்த இரட்டை எண் 20. எனவே திருத்தம் 40/401. அதைச் சேர்த்ததும் 3.04 என்றிருந்தது 3.14159 ஆகிவிடுகிறது. இதனினும் நுட்பமான மற்றொரு திருத்தமும் உண்டு. அதே பத்து உறுப்புகளோடு அது ஏழு தசம இடங்களைச் சரியாகத் தருகிறது.

திருத்தம் ஊகத்தால் வந்ததன்று. அடுத்தடுத்த இரண்டு இடங்களில் நிறுத்தினாலும் ஒரே விடை வர வேண்டுமாயின், அவ்விரு திருத்தங்களின் கூட்டுத்தொகை இடையிலுள்ள உறுப்புக்குச் சமமாக வேண்டும் என்னும் நிபந்தனையிலிருந்து, ஏறத்தாழ 1530இல் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாஷை அதை வருவிக்கிறது. 90,000 கோடி விட்டமுள்ள வட்டத்துக்கு மாதவர் கூறியதாக வழங்கும் பரிதி 2,82,743 கோடியே 33,88,233. இது பதினொரு தசம இடங்கள் வரை சரி.

இம்மரபு கேரளத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கவில்லை. தமிழ்நாட்டுச் சோதிடக் கணிதர் சுந்தரராஜர் கேட்ட ஐயங்களுக்கு இம்மரபினரான நீலகண்ட சோமயாஜி விடையாக ஒரு நூலே எழுதினார். பிற்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் சார்லஸ் விஷ் 1830களில் இத்தொடர்களை ஆங்கிலத்தில் வெளியிட்டும் நூறாண்டுகள் வரை அதைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1940களில் சென்னைக் கணித அறிஞர் சி.டி. ராஜகோபாலும் உடனுழைத்தோரும் மீண்டும் ஆராய்ந்தனர். இன்று மாதவர்–லைப்னிட்ஸ் தொடர் என்று பெயரை மட்டும் திருத்திக்கொண்டு, லைப்னிட்ஸின் தொடரில் இல்லாத அந்த இறுதித் திருத்தத்தைப் பாடநூல்கள் சொல்லாமல் விடுவது மாதவருக்குப் பாதி நியாயமே வழங்குவதாகும்.