அறுபதுகளின் ராக் இசை, சிங்கப்பூர்

சிங்கப்பூரின் கித்தார் குழுக்கள் 1960களில் உருவாக்கிய இசை அலை. பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் 1961இல் இங்கு வந்து வாசித்ததே இதன் பெருந்தூண்டுதல். அதன்பின் பள்ளி மாணவர்களெல்லாம் மின்கித்தாரை நாடினர்.

இக்குழுக்களில் முதலிடம் குவெஸ்ட்ஸ் குழுவுக்கே. குயின்ஸ்டவுன் பள்ளி மாணவர்கள் தொடங்கிய இக்குழுவின் ‘ஷாண்டி’ 1964இல் வெளியானது. பாடல் வரிகளே இல்லாத அந்த இசை, உள்ளூர் தரவரிசையில் பீட்டில்ஸைக் கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. குழுவின் கித்தார் கலைஞர் ரெஜி வர்கீஸ் இந்திய வம்சாவளியினர்; பின்னாளில் இசைத்தட்டுத் தயாரிப்பாளராகவும் விளங்கினார். அவருடைய கித்தாரின் தெளிவுக்காகவே குவெஸ்ட்ஸின் இசைத்தட்டுகளை இன்றும் தேடிக் கேட்கலாம்.

ஆர்ச்சர்ட் ஹோட்டலின் கோல்டன் வீனஸ் அரங்கில் ஞாயிறு பிற்பகல்களில் ‘டீ டான்ஸ்’ எனும் நடன நிகழ்ச்சிகள் நடந்தன. சீன, மலாய், இந்திய, யுரேசிய இளைஞர்கள் அங்கே ஒன்றாக ஆடினர். ஸ்ட்ரேடாக்ஸ் குழு ப்ளூஸ் பக்கம் சாய்ந்து முரட்டு ஒலியை வளர்த்தது. மலாய்க் குழுக்கள் ‘பாப் யே யே’ பாணியைத் தந்தன. பிரிட்டனின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவும் 1965இல் சிங்கப்பூர் பேட்மிண்டன் அரங்கில் வாசித்தது.

எழுபதுகளில் நீண்ட முடிக்கும் ஹிப்பிப் பண்பாட்டுக்கும் எதிரான அரசின் நடவடிக்கைகள் ராக் மேடைகளைச் சுருக்கின. 1972இல் பிரிட்டனின் லெட் செப்பலின் ராக் குழுவுக்கே அனுமதி மறுக்கப்பட்டது. ஜோசப் பெரேராவின் ‘அப்பாச்சி ஓவர் சிங்கப்பூர்’ நூல் அறுபதுகளின் குழுக்களை விரிவாகப் பதிவுசெய்கிறது.