மீனுக்கு மீனையே தீனியாக்க வேண்டுமா?

வளர்ப்பு மீனுக்கான தீனியை வெறும் தொழில்நுட்ப விடயமாக, கல்முனைக் கரையில் வாழும் என்னால் பார்க்க முடிவதில்லை. ஒரு கிலோ மீன்தூள் செய்ய நான்கு முதல் ஐந்து கிலோ பச்சை மீன் தேவை. அதற்காக உலகெங்கும் அரைக்கப்படுபவை பெரும்பாலும் நெத்தலி, சாளை வகைச் சிறுமீன்களே. எமது கரைவலைகளில் ஏறும் நெத்தலியும் கீரியும் அவற்றின் உறவுகள்தாம். போரும் 2004 சுனாமியும் நொடிக்கச் செய்த வீடுகளுக்கு மலிவான கறி அதுதான்.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, பாசியும் தாவரமும் தின்று வளரக்கூடியது. வளரும் பருவத்தில் அதன் தீனியில் 25 முதல் 30 வீதம் புரதம் இருந்தால் போதும். இறாலுக்குத்தான் 35 வீதத்துக்கு மேல் வேண்டும்.

அம்பாறை நெல் விளையும் மாவட்டம். அரிசி ஆலைகளில் தவிட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தவிட்டில் புரதம் சுமார் 12 வீதம், தேங்காய்ப் புண்ணாக்கில் 20 வீதமளவு. இவ்விரண்டை மட்டும் எப்படிக் கலந்தாலும் தேவையான அளவு வராது. சோயாப் புண்ணாக்கில் ஏறத்தாழ 44 வீதமும், எள்ளுப் புண்ணாக்கில் 40 வீதமும் உண்டு. ஐந்து கிலோ தவிடு, மூன்று கிலோ சோயா, இரண்டு கிலோ எள்ளுப் புண்ணாக்கு என்று கலந்தால் சுமார் 27 வீதம் கிடைக்கும். எள்ளில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறைச் சோயா ஈடுசெய்கிறது. கஞ்சி விட்டுப் பிசைந்து, உருட்டிக் காயவைத்தால் தண்ணீரில் உடனே கரையாது.

கவனிக்க வேண்டியவை மூன்று. உமி கலந்த தவிட்டை மீன் செரிக்காது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் விரைவில் சிக்குவாடை அடிக்கும். புதிதாகவே வாங்க வேண்டும். ஈரம்பட்ட புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்தால் அதிலுள்ள நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். அதை வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது.

மீன் வளர்ப்பில் செலவின் பாதிக்கும் மேல் தீனிக்கே போகிறது. வாழ்வாதார உதவியாகக் குஞ்சும் தொட்டியும் கொடுத்துவிட்டு, தீனிக்கு வழி சொல்லாமல் போனால், அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவது கடன்தான். 2022 டொலர் நெருக்கடியில் இறக்குமதித் தீனியின் விலை என்ன ஆனது என்பதை நாம் கண்டோம். சோயாவுக்கு இன்னும் வெளிநாட்டையே பெரிதும் நம்பியிருக்கிறோம். எனவே எள்ளையும் சோயாவையும் எமது மேட்டுநிலங்களில் பயிரிடுவதும், ஆலைத் தவிட்டைக் கூட்டுறவாக வாங்குவதும் மீன் வளர்ப்புத் திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும்.