நேசிக்கும் எண்கள்

17,296 என்னும் எண்ணைக் காண்போர்க்கு அதில் விந்தை ஏதும் தோன்றாது. ஆயினும் அதற்கு ஒரு துணை உண்டு. அது 18,416.

18,416-ஐ மீதியின்றி வகுக்கும் எண்களுள் அதனினும் சிறியவை ஒன்பது: 1, 2, 4, 8, 16, 1151, 2302, 4604, 9208. இவற்றைக் கூட்டுக, 17,296 வரும். அவ்வாறே 17,296-ஐ வகுக்கும் சிறிய எண்கள் பத்தொன்பதையும் கூட்டினால் 18,416 கிடைக்கும். இத்தகைய இணைகளை அரபு அறிஞர்கள் 'அல்அஃதாதுல் முதஹாப்பா', அதாவது ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள் என்றழைத்தனர். நம் இல்லங்களில் வழங்கும் 'முஹப்பத்' என்னும் சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே.

பண்டைய கிரேக்கர் அறிந்திருந்த இணை 220, 284 மட்டுமே. இத்தகைய இணைகளைக் காண விதியொன்றை வகுத்து, அதனை நிறுவியும் காட்டியவர் பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 288-இல் (கி.பி. 901) மறைந்த தாபித் இப்னு குர்ரா. அவ்விதி நம் எண்ணில் செயற்படுவதைக் காண்போம். இரண்டின் மடங்குகளான 8, 16, 128 ஆகியவற்றை எடுத்துக்கொள்க. 8-ஐயும் 16-ஐயும் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 23, 47. 128-ஐ ஒன்பதால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 1151. இம்மூன்றும் பகா எண்கள். ஆகவே 16×23×47 = 17,296; 16×1151 = 18,416.

இவ்விணையைப் பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் எழுதிவைத்தார். எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரித்தாராய்ந்து, தாபித்தின் விதிக்குப் புதிய நிறுவலும் தந்தார். அந்நூலின் பெயர் 'தத்கிரத்துல் அஹ்பாப்'. நண்பர்களுக்கான நினைவேடு என்பது பொருள். மராக்கிஷ் நகரின் இப்னுல் பன்னாவும் (1256–1321) இவ்விணையை அறிந்திருந்தார்.

ஆயினும் 1636-இல் பிரான்சு நாட்டு ஃபெர்மா இதனை அறிவித்தமையால், நெடுங்காலம் இது அவர் பெயராலேயே வழங்கிற்று. அடுத்த இணையான 93,63,584, 94,37,056 என்பதும் 1638-இல் அதனை எழுதிய டெக்கார்ட்டின் பெயரைப் பெற்றது. அதே நூற்றாண்டின் பாரசீக அறிஞர் முஹம்மது பாகிர் யஸ்தீ அவ்விணையைக் கண்டிருந்தமை பின்னரே உலகறிய வந்தது.

இங்கு நாம் நீதி தவறலாகாது. ஃபெர்மா அரபு ஏட்டைப் பார்த்து எழுதினார் என்பதற்குச் சான்றில்லை. அவரைக் கள்வர் என்பது அவதூறாகும். தாபித்தை 'நம்மவர்' என மேடையில் முழங்குவதும் பொருந்தாது. அவர் ஹர்ரான் நகரத்துச் சாபியீ சமயத்தவர். முஸ்லிம் ஆட்சியாளரும் அறிஞரும் அவருடைய சமயத்தைப் பாராது கல்வியைப் போற்றினர். நாம் பெருமைகொள்ளத் தக்கது அதுவே. அல்ஃபாரிஸீயின் பெயர் மறைந்ததற்குக் காரணம், அவருடைய ஏட்டை விரித்துப் படிப்போர் இல்லாது போனமையே. நம் பரண்களில் கிடக்கும் பழைய ஏடுகளை எண்ணும்போது இச்செய்தி நெஞ்சைச் சுடுகிறது.

பிள்ளைகளிடம் இவ்வரலாற்றைக் கூறுமுன் ஒரு தாளைக் கொடுங்கள். அந்த ஒன்பது எண்களையும் அவர்களே கூட்டிப் பார்க்கட்டும். உரிமை பேசுவது பிறகு ஆகட்டும்.