ஒரே கொடி, இரு மண்

பால்மரத் தோட்டத்தில் கணக்கெழுதிப் பழகிய நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஒரே தாய்மரத்தின் மொட்டைக் கொண்டு ஒட்டுக்கட்டிய கன்றுகளே ஆயினும், மேட்டு நிலத்தில் நின்றவை ஒரு விதமாகவும் பள்ளத்தில் நின்றவை வேறு விதமாகவும் பால் தரும். ஜாதி ஒன்று; நிலம் வேறு. இவ்வுண்மையைச் சிவப்புத் திராட்சை மதுவின் சரித்திரம் மிகத் தெளிவாகக் காட்டுகின்றது.

மதுவைப் பற்றி எழுதுவதால் நாம் குடிக்குப் பரிந்து பேச வந்தோம் என்று அன்பர்கள் கருத வேண்டா. கள்ளுக்கடை நம் தோட்டங்களில் செய்த கேட்டை நாம் மறந்தோமில்லை. நாம் சொல்லப் புகுந்தது ஒரு கொடியின் வரலாறு.

பிரான்சு தேசத்தின் தென்கிழக்கில் ஓடும் ரோன் ஆற்றங்கரையில் ஹெர்மிட்டேஜ் என்னும் குன்று ஒன்று உண்டு. துறவியின் குடில் என்பது அப்பெயரின் பொருள். அக்குன்றில் கொடி படரும் நிலம் ஏறத்தாழ 340 ஏக்கர்தான். அங்கு விளையும் கருந்திராட்சைக்குச் சிரா என்று பெயர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், பெரும் புகழ் வாய்ந்த போர்தோ நகரத்து வணிகரும் தங்கள் மது மெலிந்திருந்தால் ஹெர்மிட்டேஜ் மதுவைக் கலந்து அதற்கு வலுவேற்றினர் என்றால், அதன் மதிப்பை நாம் உணரலாம்.

புகழ் வந்தால் புராணமும் உடன் வருவது உலக இயல்பு. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய ஸ்டெரிம்பர்க் என்னும் வீரன் அக்குன்றில் துறவியாக அமர்ந்தான் என்றும், பாரசீக நாட்டு ஷிராஸ் நகரத்துக் கொடியை அவனே கொணர்ந்து நட்டான் என்றும் ஒரு கதை. ரோமச் சக்கரவர்த்தி புரோபஸ் எகிப்திலிருந்து தருவித்தான் என்பது மற்றொரு கதை. இவற்றைச் சொன்னவர்க்கும் கேட்டவர்க்கும் சான்று ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

1998-ம் ஆண்டில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரிடித் என்னும் அம்மையாரின் ஆராய்ச்சிக் குழுவினர், பிரான்சின் மோன்பெலியே ஆராய்ச்சி நிலையத்துக் கொடிகளின் துணைகொண்டு, சிராவின் மரபணுவைச் சோதித்தனர். அதன் பெற்றோர் பாரசீகத்தாரும் அல்லர், எகிப்தியரும் அல்லர். துரேஸா, மோந்தேஸ் பிளான்ஷ் என்னும் இரண்டு கொடிகளே அவை. முன்னது கருப்பு, பின்னது வெள்ளை. இரண்டும் தென்கிழக்குப் பிரான்சைச் சேர்ந்தவை. இரண்டும் பெரும்பேர் பெறாதவை. ஆயிரம் மைல் கடந்து வந்ததாகப் பாடப்பட்ட குலம், பக்கத்து மலைச்சாரலிலேயே பிறந்தது என்று தெளிவாயிற்று.

இனி அக்கொடியின் கடற்பயணத்தைப் பார்ப்போம். ஜேம்ஸ் பஸ்பி என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1831-ம் ஆண்டில் ஸ்பெயினிலும் பிரான்சிலும் சுற்றி, நூற்றுக்கணக்கான திராட்சை வகைகளின் கொடித்துண்டுகளைச் சேர்த்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். ஹெர்மிட்டேஜ் குன்றையும் அவர் நேரில் கண்டவர். சிராவும் அவ்வழி சென்றது. அங்கே அதனைச் சிலர் ஷிராஸ் என்றும் சிலர் ஹெர்மிட்டேஜ் என்றும் அழைத்தனர். பொய்க்கதையில் வந்த நகரத்தின் பெயரே அந்நாட்டில் நிலைத்துவிட்டது.

தென் ஆஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கில் 1842 முதல் ஜெர்மானிய லூத்தரன் கிறிஸ்தவர்கள் குடியேறினர். வழிபாட்டு முறையில் பிரஷ்ய அரசன் செய்த நிர்ப்பந்தத்திற்குப் பணியாது நாடு துறந்தோர் அவர்கள். அம்மக்களின் உழைப்பில் இக்கொடி தழைத்தது.

இரு நாட்டு மதுவையும் அருகருகே வைத்து ஒப்பிட்டோர் கூறுவது யாது? ரோன் கரையது மிளகின் மணமும் சற்றுப் புளிப்பும் உடையது. பரோசாவினது அடர்ந்தது; பழப்பாகு போன்றது. காரணம் மாயமன்று. பரோசாவில் வெயில் மிகுதி. கனி நன்கு பழுத்துச் சர்க்கரை ஏறும். அச்சர்க்கரையே சாராயச் சத்தாக மாறுவதால், நூற்றுக்கு 14, 15 பங்கு வரை அது செல்லும். ரோனின் வடபகுதியில் குளிர் அதிகம்; அங்கே 13 பங்கை ஒட்டி நிற்பது வழக்கம். மிளகு மணத்திற்குக் காரணமான பொருள் ரோட்டண்டோன் என்று 2008-ம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நம் அடுக்களை மிளகில் உள்ளதும் அதே பொருள்தான். குளிர்ந்த நிலத்துக் கனியில் அது கூடுதலாக உண்டாகிறது. இவற்றோடு பீப்பாயின் மரமும் சேரும். பரோசாவில் பெரிதும் கையாண்ட அமெரிக்க ஓக் மரம் தேங்காய், வனில்லா மணத்தை ஏற்றும்.

இவற்றுள் எது உண்மையான சிரா என்று கேட்போர் உண்டு. சரித்திரம் இக்கேள்வியைத் தலைகீழாக்கிவிட்டது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லொக்ஸரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தது. அந்நாட்டார் அமெரிக்க வேரில் தம் கொடிகளை ஒட்டுக்கட்டி மீண்டனர். அப்பூச்சி தென் ஆஸ்திரேலியாவை அடையவில்லை. ஆகவே, 1840-களில் நட்டவை எனப்படும் கொடிகள் பரோசாவில் தம் சொந்த வேரிலேயே இன்றும் காய்க்கின்றன. தாயகத்துக் கொடிகளினும் குடியேறிய கொடிகள் மூத்தவை!

ஆயினும் அவற்றின் அருமையை அவ்வூராரே நெடுங்காலம் உணர்ந்தாரில்லை. 1951-ல் மாக்ஸ் ஷூபர்ட் தொடங்கிய கிரேஞ்ச் என்னும் உயர்ந்த மதுவும், 1989-ம் ஆண்டு விளைச்சல் வரையில் ஹெர்மிட்டேஜ் என்ற இரவல் பெயரைச் சீட்டில் தாங்கியே விற்றது. 1980-களின் நடுவில் விலை வீழ்ந்தபோது, கொடிகளைப் பிடுங்கி எறிவோர்க்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. நூறாண்டு கண்ட கொடிகள் பல மண்ணோடு மண்ணாயின. சில குடும்பத்தார் மட்டும் பிடுங்க மறுத்தனர். 2009-ம் ஆண்டில் பரோசா மக்கள் பழங்கொடிகளுக்கு ஒரு பட்டயம் வகுத்து, 125 ஆண்டு கடந்தவற்றை மூதாதைக் கொடிகள் என்று பெயரிட்டுக் காக்க முன்வந்தனர். பிடுங்கியவை மீளப் போவதில்லை.

பிறப்பைப் பற்றிய கதை பொய்யாயிற்று. மதுவின் சுவை குறையவில்லை. இரவல் பெயர் நீங்கிற்று; விலை தாழவில்லை. கடல் கடந்து வேறு மண்ணில் வேரூன்றியோர், நாம் எவரது பிரதி என்று ஏங்கி நிற்பது வீண். தம் கையில் இருப்பதன் மதிப்பை, பிறர் வந்து சொல்வதற்கு முன்னரே அறிந்து காப்பதுதான் அறிவுடைமை. பிடுங்க மறுத்த அச்சில குடும்பத்தாரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.