யார் ஆசிரியர் ஆகலாம்? தென்சென்னைப் பள்ளிகளில் ஆசிரியர் சமூகம் விரிந்த வரலாறு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். வந்த விவரங்களை 1826இல் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் இருப்பது தெரிந்தது. அந்தப் படிவத்தில் மாணவர்கள் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம்கள் என்று தனித்தனிப் பத்திகளில் எண்ணப்பட்டனர். ஆசிரியரின் சாதிக்குப் பத்தி இல்லை. ஆசிரியர்கள் மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை என்று மட்டும் மன்றோ குறிப்பிட்டார்.

மாணவர்களிடையே எல்லாச் சமூகத்தாரும் இருந்தால் ஆசிரியர்களிடையேயும் தானாகவே இருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். வரலாறு அப்படி நடக்கவில்லை. மயிலாப்பூர், இராயப்பேட்டை, அடையாறு, பின்னாளில் உருவான தியாகராய நகர் ஆகிய பகுதிகளின் பள்ளிகளில் பெண்களும், விதவைகளும், தாழ்த்தப்பட்டோரும் கரும்பலகையின் முன் வந்து நிற்க ஒரு நூற்றாண்டு பிடித்தது. அவர்களுக்கு வழிவிட்டது பெரும்பாலும் பள்ளிக்கூடம் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் அதில் கொடுத்த உதவித்தொகையும்தான்.

பெண் ஆசிரியர்கள்

ஆண்களுக்கான அரசுப் பயிற்சிப் பள்ளி சென்னையில் 1856இல் தொடங்கியது. பிறகு சைதாப்பேட்டைக்கு இடம் மாறி ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. பெண்களுக்கு அத்தகைய பள்ளி இல்லை. பெண்குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பெண் ஆசிரியர் வேண்டும் என்றார்கள் பெற்றோர். படித்த பெண் இருந்தால்தானே ஆசிரியர் கிடைப்பார்? 1866இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி மேரி கார்ப்பென்டர் இந்த முடிச்சைச் சுட்டிக்காட்டி, பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளை அரசே நடத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். 1870இல் சென்னையில் அப்படி ஒன்று தொடங்கியது. பயிற்சிக்கு வந்தவர்களில் ஐரோப்பிய-இந்தியக் கலப்பினப் பெண்களும் இந்தியக் கிறித்தவப் பெண்களுமே மிகுதி. மற்ற சமூகங்களில் பெண் வெளியே போய்ச் சம்பாதிப்பது குடும்பத்துக்கு இழுக்காகக் கருதப்பட்டது. சாதி இந்துக் குடும்பங்களோ கிறித்தவ ஆசிரியையிடம் தங்கள் பெண்ணை அனுப்பத் தயங்கின. ஆக, இருந்த ஆசிரியரை ஏற்கவும் மனமில்லை; தங்கள் வீட்டுப் பெண்ணை ஆசிரியராக்கவும் மனமில்லை.

இந்தச் சிக்கல் அவிழ்ந்த இடம், அந்தக் காலத்தில் அமங்கலம் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள். மயிலாப்பூரில் 1886இல் பிறந்த சுப்புலட்சுமி குழந்தைப் பருவத்திலேயே மணமாகி விதவையானவர். தலைமழிப்புக்கும் மூலையில் முடங்குவதற்கும் பதிலாக அவருடைய தந்தை அவரைப் படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர் என்று குறிப்பிடப்படுகிறது. அதே காலத்தில், தானும் விதவையான தன் சித்தி வாலாம்பாளின் துணையோடு, எழும்பூரில் தாங்கள் வாழ்ந்த வீட்டிலேயே சில இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்க வைக்கத் தொடங்கினார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் இதில் அரசின் தேவைக்கு விடையைக் கண்டார். குடும்பப் பொறுப்பு இல்லாத, உயர்சாதி என்பதால் பெற்றோர் மறுக்க முடியாத பெண்கள். பயிற்சி கொடுத்தால் ஆசிரியைகள் கிடைப்பார்கள். அரசு மானியம் வந்தது. இல்லம் விரிந்து, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. ஒருகாலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த அந்தக் கட்டடம்தான் இன்று விவேகானந்தர் இல்லம். 1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது சுப்புலட்சுமியே அதன் முதல் முதல்வரானார்.

இந்தக் கதையில் அடிக்கடி விட்டுவிடப்படும் பகுதி ஒன்று உண்டு. ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமானது. மற்றவர்களையும் சேர்த்தால் பிராமணக் குடும்பங்கள் பெண்களை அனுப்பமாட்டா என்பதே அதற்குக் காரணம். அந்தக் கணிப்பு அன்றைய நிலைமைக்குச் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அதன் விலையை வேறு விதவைகள் கொடுத்தார்கள். சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் பிறகு தொடங்கிய சாரதா வித்யாலயா இந்த வேலியை ஓரளவு தளர்த்தியது. 1938இல் அது இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டு, தியாகராய நகரில் இன்றும் இயங்குகிறது.

வேலியின் மறுபக்கம் எப்படியிருந்தது என்பதை மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் கண்டார். தேவதாசி மரபைச் சேர்ந்த சிறுமியர் சிலர் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தனர். சாதிவாரியாக நடந்துவந்த மாணவியர் விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அடையாற்றின் அவ்வை இல்லம். பின்னாளில் அங்கேயும் ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி அமைந்தது.

பஞ்சமர் பள்ளிகள்

தாழ்த்தப்பட்ட மக்களை அரசு ஆவணங்கள் அப்போது பஞ்சமர் என்றன. அவர்களுடைய குழந்தைகளைப் பல பள்ளிகள் சேர்க்கவில்லை. சேர்த்த பள்ளிகளிலிருந்து மற்றவர்கள் விலகினர். சேரிக்குள் வந்து கற்பிக்கச் சாதி இந்து ஆசிரியர் எளிதில் கிடைக்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையை அடுத்து, 1893இல் சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்கென ஓர் ஆணை வெளியிட்டது. அந்தச் சமூகத்தவரையே ஆசிரியராகப் பயிற்றுவிக்க உதவித்தொகை தருவது அதன் முக்கியக் கூறு. நல்ல மனம் படைத்த வெளியாரைத் தேடுவதைக் காட்டிலும் உள்ளிருப்பவரைப் பயிற்றுவிப்பது நடைமுறைக்கு உகந்தது என்பதை அரசு புரிந்துகொண்ட தருணம் அது.

1894இல் பிரம்மஞான சபையின் தலைவர் ஆல்காட் அடையாற்றை அடுத்த ஊரூரில் ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை என்று ஐந்து பள்ளிகளாயின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பாமர் இவற்றின் மேற்பார்வையை ஏற்று, மழலையர் கல்வி முறைகளைக் கொண்டுவந்தார். மேற்பார்வை வெளிநாட்டவருடையது என்றாலும் பஞ்சமர் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனிக் குரல் இருந்தது. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவியபோது உடன் சென்றவர் பஞ்சமர் பள்ளி ஆசிரியர் பி. கிருஷ்ணசாமி. பள்ளி ஆசிரியர் என்பவர் சேரியின் எழுத்தறிந்த தலைவராகவும் இருந்தார் என்பதற்கு இது சான்று. ஊரூர்ப் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளி என்ற பெயரில் பெசன்ட் நகரில் இன்றும் இருக்கிறது.

எம்.சி. ராஜாவின் வாழ்க்கை இதே உண்மையை இன்னும் தெளிவாகக் காட்டும். பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றியவர். பள்ளிப் பாடநூல்களும் எழுதினார். 1920இல் மாகாணச் சட்டமன்றத்தின் முதல் தாழ்த்தப்பட்டோர் உறுப்பினரானார். ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்கச் செய்த 1922ஆம் ஆண்டுத் தீர்மானம் அவர் கொண்டுவந்தது. அரசியல் தலைவராக அறியப்படும் அவரை முதலில் ஆசிரியராக நினைவுகூர்வது பொருத்தம். சட்டமன்றத்தில் அவர் வாதாடிய விஷயங்களில் பாதி வகுப்பறையிலிருந்து வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1920 முதல் தொழிலாளர் துறை நடத்திய தனிப்பள்ளிகள், பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. தனிப்பள்ளி என்பது ஒதுக்கத்தின் வடிவம். ஆதிதிராவிட ஆசிரியருக்கு வேலை கிடைத்த இடமும் அதுவே. இந்த முரண் சென்னைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டுப் பிரவுன் தீர்ப்பு பள்ளிகளில் நிறப்பிரிவினையை முடித்தபோது, கறுப்பினக் குழந்தைகள் பொதுப்பள்ளிக்குள் வந்தார்கள். கறுப்பின ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தென்மாநிலங்களிலும் எல்லை மாநிலங்களிலும் பத்தாண்டுகளில் வேலை இழந்தவர்கள் சுமார் 38,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

வகுப்புவாரி ஆணையும் அதன் எல்லையும்

நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் தொடங்கி, 1927ஆம் ஆண்டு ஆணையில் வடிவம் பெற்றது வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம். ஒவ்வொரு 12 அரசுப் பணியிடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம், கிறித்தவர்-ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்குத் தலா 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. அரசுப் பள்ளி ஆசிரியரும் அரசுப் பணியாளர் என்பதால் இது அவர்களுக்கும் பொருந்தியது. ஆனால் மயிலாப்பூரின் பெயர்பெற்ற பள்ளிகள் அரசுப் பள்ளிகள் அல்ல. தனியார் நிர்வாகங்கள், அரசு மானியம் பெறுபவை. மானியம் அரசுப் பணம். யாரை நியமிப்பது என்பது நிர்வாகத்தின் விருப்பம். எனவே ஒரே தெருவில் இருந்த இரண்டு பள்ளிகளின் ஆசிரியர் அறைகள் வெவ்வேறு சமூகங்களாக இருந்தன.

விடுதலைக்குப் பின் வந்த இடஒதுக்கீடும் அரசுப் பணியையே சார்ந்தது. இன்று 69 விழுக்காடு இடஒதுக்கீடு அரசுப் பள்ளி நியமனங்களில் செயல்படுகிறது. மானியம் பெறாத தனியார் பள்ளிகளுக்கு அது இல்லை. தென்சென்னையில் தனியார் பள்ளிகள் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் எடை புரியும். மன்றோவின் படிவத்தில் இல்லாத பத்தி இப்போது இருக்கிறது: நாடு முழுவதும் பள்ளிகள் நிரப்பும் யு-டைஸ் படிவம் ஆசிரியரின் சமூகப் பிரிவையும் கேட்கிறது. தனியார் பள்ளிகளும் அதை நிரப்ப வேண்டும்.

மொழிகள்

மொழியைப் பொறுத்தவரை சென்னை எப்போதும் ஒருமொழி நகரமாக இருந்ததில்லை. இராயப்பேட்டையில் ஹோபர்ட் பெயர் தாங்கிய முஸ்லிம் பெண்கள் பள்ளி, உருது பேசும் ஆசிரியைகளுக்கு இடமளித்தது. கே.என். கேசரி 1943இல் தொடங்கிய கேசரி பள்ளி தெலுங்குக் குடும்பங்களுக்காக மயிலாப்பூரிலும் பின்னர் தியாகராய நகரிலும் நடந்தது. அதில் தெலுங்கு ஆசிரியர்கள் நிலைத்த வேலை பெற்றனர்.

இந்தி ஆசிரியர்களின் கதை வேறு. 1918இல் தோன்றிய தென்னிந்திய இந்திப் பிரச்சார சபை 1936இல் தியாகராய நகரில் குடியேறியது. 1938இல் இராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது ஆசிரியர்களுக்குத் தேவை எழுந்தது. 1940இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1968இல் இருமொழிக் கொள்கை வந்தபின் அரசுப் பள்ளிகளில் இந்தி ஆசிரியருக்கு இடமில்லாமல் போயிற்று. அவர்கள் மறைந்துவிடவில்லை. சபையின் பிராத்மிக், மத்தியமா தேர்வுகளுக்குத் தயார் செய்பவர்களாக, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இல்லத்தரசிகள் பலர் மயிலாப்பூர், தியாகராய நகர் வீட்டுக் கூடங்களில் இன்றும் வகுப்பு நடத்துகிறார்கள். எந்தப் பள்ளியின் ஊதியப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை.

2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அதன்பின் தெலுங்கு, உருது, மலையாளப் பள்ளிகளுக்கும் தமிழாசிரியர் தேவைப்பட்டனர். சிறுபான்மை மொழிப் பள்ளிகள் நீதிமன்றம் சென்று விலக்குக் கேட்டன. தாய்மொழி வழியில் சேரும் குழந்தைகள் குறைந்துவருவதால் அந்த மொழி ஆசிரியர் ஓய்வுபெறும்போது அந்தப் பணியிடம் நிரப்பப்படுமா என்பதே அப்பள்ளிகளில் இப்போதைய கவலை.