சுடுமுன் பார்: வேட்டைக் கண்ணாடியின் வரலாறு



இன்று நாம் ஒரு சிறிய கருவியின் வரலாற்றைப் பார்ப்போம். இரண்டு குழல்களை ஒன்றாகப் பிணைத்தது போன்ற உருவம். கழுத்தில் வார் போட்டுத் தொங்கவிடும் பொருள். புத்தகத்தில் இதனை இருகண் தொலைநோக்கி என்று எழுதுகிறோம். பேச்சில் பைனாகுலர் என்கிறோம். எங்கள் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அது 'தூரக் கண்ணாடி'.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தூரக் கண்ணாடியின் கதை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது நிபோங் திபால் வட்டாரத்தில் நடந்தது இது. என் தந்தையாரோடு பால்வெட்டிய நண்பர் ஒருவர், விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்குப் போனார். அன்று இரவெல்லாம் பன்றி வேட்டைக்கு வந்திருந்த ஒருவர், புதருக்குள் ஏதோ மினுங்கி அசைவதைக் கண்டு சுட்டுவிட்டார். ஈயக்குண்டுகள் நண்பரின் காலில் பாய்ந்தன. உயிர் தப்பியது, ஆனால் அதன்பின் அவரால் நேராக நடக்க முடியவில்லை. சுட்டவர் கெட்ட மனிதர் அல்லர். நண்பரைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். "கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை, பன்றியென்று எண்ணிவிட்டேன்" என்று அழுதார். அவர் சட்டைப் பையில் உண்மையிலேயே ஒரு கண்ணாடி இருந்தது. உள்ளங்கை அளவுள்ள சிறிய கண்ணாடி. அதன் மேல் 10×25 என்று பொறித்திருந்ததை நானே பார்த்தேன்.

கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்வி பல ஆண்டுகள் என் மனத்தில் கிடந்தது. விடை அந்தக் கருவியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1608ஆம் ஆண்டு நெதர்லாந்தில் ஹான்ஸ் லிப்பர்ஹே என்ற மூக்குக்கண்ணாடி செய்பவர், தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் குழல் ஒன்றைக் கொண்டுவந்து உரிமை கேட்டார். வேறு சிலரும் அதே கருவியைச் செய்ததாகச் சொன்னதால் உரிமை கிடைக்கவில்லை. ஆனால் அரசு அவரிடம், இரு கண்ணாலும் பார்க்கும்படி செய்து தரக் கேட்டு, அதற்குப் பணமும் கொடுத்தது. ஆகவே இருகண் தொலைநோக்கி, ஒற்றைக் குழலோடு ஏறக்குறைய இரட்டைப் பிள்ளையாகவே பிறந்தது எனலாம். மறு ஆண்டு இத்தாலியில் கலிலியோ அந்தக் குழலைத் திருத்தி வானத்தை நோக்கித் திருப்பினார். 1610ஆம் ஆண்டு வியாழனைச் சுற்றும் நிலவுகளைக் கண்டார்.

அதன்பின் ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் இருகண் கருவி பெரிதாக முன்னேறவில்லை. நாடக அரங்குகளிலும் படைகளிலும் புழங்கிய கண்ணாடிகள், பொருளை மூன்று நான்கு மடங்குதான் பெரிதாக்கின. அதற்கு மேல் போனால், சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பது போல் காட்சி குறுகிவிடும். வேறு வகை வில்லைகளைப் போட்டால் உருவம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்தக் குழல் நீளவேண்டும். நீண்ட குழலைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த வேட்டைக்காரர் காட்டில் நடப்பார்?

1854ஆம் ஆண்டு இத்தாலியப் படை அதிகாரி இக்னாசியோ போரோ இதற்கு வழி கண்டார். குழலுக்குள் முப்பட்டைக் கண்ணாடிகளை வைத்து ஒளியை மடக்கி மடக்கி அனுப்பினார். உருவம் நிமிர்ந்தது, குழலும் குட்டையாயிற்று. ஆனால் நல்ல கண்ணாடி கிடைக்கவில்லை. ஜெர்மனியின் யெனா நகரில் எர்ன்ஸ்ட் அபே என்ற அறிஞரின் முயற்சியால், 1894ஆம் ஆண்டு ஸைஸ் நிறுவனம் அந்த முறையில் கண்ணாடி செய்து விற்கத் தொடங்கியது. தோள்பட்டை போல் இருபுறமும் அகன்று நிற்கும் உருவம் அன்று வந்ததுதான். குழல் நேராக இருக்கும் வகை பின்னர் பரவியது. அது கைக்கு அடக்கம்; ஆனால் உள்ளே மிக நுட்பமாகச் செய்யவேண்டியிருப்பதால், அதே தரத்துக்கு விலை கூடும்.

இன்னொரு குறை எஞ்சி நின்றது. கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி திரும்பிப் போய்விடும். பத்துப் பரப்பைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வீண். 1935ஆம் ஆண்டு ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மக்குலா, கண்ணாடியின் மேல் மெல்லிய பூச்சைப் படியவைத்து இந்த இழப்பைக் குறைத்தார். நல்ல கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் ஊதா, பச்சை என்று சாயல் தெரிகிறதல்லவா? அது அந்தப் பூச்சு.

இப்போது அந்த எண்களுக்கு வருவோம். 8×30 என்றால், எட்டு மடங்கு பெரிதாக்கும். முன்பக்க வில்லையின் அகலம் 30 மில்லிமீட்டர். பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 3.75. கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். நம் கண்ணின் பாவை நல்ல வெயிலில் இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கும். இருட்டில், இளையோருக்கு ஏழு வரை விரியும். வயதானவர்களுக்கு ஐந்து அளவில் நின்றுவிடும்.

7×50 கண்ணாடி 7 மில்லிமீட்டருக்கு மேல் ஒளிக்கற்றையைத் தரும். அதனால்தான் கப்பல் மாலுமிகள் இரவுக் காவலுக்கு அதனை விரும்பினர். ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் அந்தி நேரத்துக்கு 8×56 வைத்துக்கொண்டனர். நடந்து திரிபவர்களுக்கு 8×30, 8×42 பொருந்தும். இனி, அந்த மனிதரின் 10×25 கண்ணாடியை வகுத்துப் பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர்! நண்பகலில் அது போதும். விடியற்காலையில் விரிந்த கண்ணுக்கு அது இருட்டையே பெரிதாக்கிக் காட்டும். மேலும், பத்து மடங்கு என்றால் கையின் நடுக்கமும் பத்து மடங்கு. இருபது மடங்கு என்று விளம்பரம் செய்வதைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். தாங்கியில் நிறுத்தாமல் அதை வைத்துப் பார்ப்பது கடினம்.

ஆனால் குற்றம் கண்ணாடியின் மேல் மட்டும்தானா? "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. விளங்கவில்லை என்று தெரிந்தபோதே துப்பாக்கியைத் தாழ்த்தியிருக்கவேண்டும். இன்று துப்பாக்கியின் மேலேயே குழல் பொருத்திக்கொண்டு, அதன் வழியே "அங்கே யார்?" என்று தேடுகிறவர்களும் உண்டு. அப்படித் தேடினால், காண்பது மனிதனாக இருந்தால், துப்பாக்கி ஏற்கனவே அவன் மார்பை நோக்கி நிற்கிறது. தேடுவதற்குக் கண்ணாடி, உறுதியான பின்தான் துப்பாக்கி. வேட்டைக்காரருக்குத் தனிக் கண்ணாடி தேவை என்பதன் பொருள் இதுதான்.

பார்க்கப் பார்க்க மனம் மாறிய வேட்டைக்காரர்களையும் வரலாறு காட்டுகிறது. கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பேக்கின் உடன்பிறந்தவர் தியோடர் ஹப்பேக். யானை, காட்டெருமை வேட்டையில் பேர்பெற்ற அவர், 1905ஆம் ஆண்டு அதைப் பற்றியே நூல் எழுதினார். அவரே பின்னாளில் மலாயாவின் வனவிலங்குகளுக்காகப் போராடினார். 1938, 1939ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு எல்லையில் தேசியப் பூங்கா அமைந்தது. இன்று அதை தாமான் நெகாரா என்கிறோம். இந்தியாவில் சாலிம் அலி என்ற சிறுவன் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தி, அதன் தொண்டையில் மஞ்சள் நிறத்தைக் கண்டு வியந்து, அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். அந்தக் கேள்வி அவரைப் பறவை அறிஞராக்கியது.

நம் மூதாதையர் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. செங்கல்பட்டு வட்டாரத்து வேடந்தாங்கலில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுடுவதைக் கிராம மக்கள் எதிர்த்தார்கள். கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களிடம் தூரக் கண்ணாடி இல்லை. ஊன்றிப் பார்க்கும் கண் இருந்தது.

இன்று நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. காட்டுப்பன்றியைச் சுடவும் உரிமம் வேண்டும். புலியைத் தொடவே கூடாது. 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில் தீபகற்பத்தில் 150க்கும் குறைவான புலிகளே காட்டில் எஞ்சியுள்ளதாகத் தெரியவந்தது.

உங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி வாங்கும் எண்ணம் இருந்தால், பழையதோ புதியதோ, நான்கு சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, தொலைவிலுள்ள கம்பத்தைப் பாருங்கள். உருவம் இரட்டையாகத் தெரிந்தாலோ, சிறிது நேரத்தில் தலை வலித்தாலோ வேண்டாம். இரண்டாவது, முன்பக்க வில்லை வழியே உள்ளே பாருங்கள். நம் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடித்திருக்கும். மூன்றாவது, இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தையும், வலக்கண்ணுக்கு அதன் வளையத்தையும் திருப்பித் தெளிவு வருகிறதா என்று பாருங்கள். நான்காவது, கடைக்குள் பார்த்து முடிவு செய்யாமல், அந்தி நேரத்தில் வெளியே பாருங்கள். எக்காரணம் கொண்டும் சூரியனைப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அந்தக் கண்ணாடியோடு வேட்டைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. நிபோங் திபாலுக்குத் தெற்கே, கிரியான் ஆற்றைத் தாண்டினால் கோலா குலா. வடதிசைக் குளிருக்குத் தப்பி ஆயிரக்கணக்கான மைல்கள் பறந்து வரும் கரைப்பறவைகள் ஆண்டுதோறும் அங்கே சேற்றில் இறங்குகின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், செம்பனைத் தீம்பாரில் எலி பிடிக்க வைத்திருக்கும் ஆந்தைப் பெட்டியை அந்தி சாயும் வேளையில் பாருங்கள். வெள்ளை முகமுள்ள ஆந்தை வெளியே வந்து பெட்டியின் விளிம்பில் உட்காரும். என் வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஒரு 8×30 கண்ணாடியை முறை வைத்துப் பார்த்தார்கள். தன் முறை வந்தும் ஒரு சிறுமி கண்ணாடியைக் கீழே இறக்க மறுத்துவிட்டாள்.

என் தந்தையாரின் நண்பர் இப்போது இல்லை. அவர் ஊன்றி நடந்த தடி இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. விடியுமுன் தீம்பாருக்கும் செம்பனைக் காட்டுக்கும் போகிறவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். வேட்டைக்குப் போகும் உறவினர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், இந்தப் பேச்சை அவரிடம் சொல்லுங்கள். சுடுமுன் பார். பார்த்தும் விளங்காவிட்டால், சுடாதே.