மருந்துப் பெட்டியும் தைலச் சிமிழும்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11-ஆம் நாள் நம் பங்குக் கோவில்களில் நோயாளர்களுக்கெனச் சிறப்புத் திருப்பலி நிறைவேற்றுகிறோம். முதியோரையும் பிணியுற்றோரையும் முன்வரிசையில் அமர்த்தி, அவர்தம் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் திருஎண்ணெய் பூசி, பழமும் ரொட்டியும் கொடுத்து அனுப்பி வைக்கிறோம். 1858-ஆம் ஆண்டு இதே நாளில்தான் லூர்து நகரின் மசபியேல் குகையில் அன்னை மரியாள் பெர்னதெத்துக்கு முதன்முறையாகக் காட்சி தந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் உலக நோயாளர் நாளை ஏற்படுத்தியபோது இந்நாளையே தெரிந்துகொண்டார். 1993 முதல் அது கொண்டாடப்பட்டு வருகிறது. இவை நாம் அறிந்த செய்திகளே. ஆனால், 1936-ஆம் ஆண்டு இதே பிப்ரவரி 11-ஆம் நாள் உரோமையிலிருந்து வெளிவந்த ஓர் அறிவுறுத்தலைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? அருட்சகோதரிகள் மருத்துவம் பயிலவும் பேறுகாலம் பார்க்கவும் வழி திறந்துவிட்ட மடல் அது. நம் நாட்டுத் தாய்மார்களின் கண்ணீரே அந்த மடலை எழுத வைத்தது என்றால் மிகையாகாது. அந்த வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம்.

கதவு மூடப்பட்டிருந்த காலம்

பிணி தீர்க்கும் பணி திருச்சபைக்குப் புதியதன்று. நான்காம் நூற்றாண்டிலேயே புனித பெரிய பசிலியார் செசரியா நகருக்கு வெளியே நோயாளருக்கும் வழிப்போக்கருக்கும் ஒரு பெரும் இல்லம் எழுப்பினார். துறவு மடங்களுக்கு ஒழுங்கு வகுத்த புனித ஆசீர்வாதப்பர், நோயுற்ற சகோதரரைப் பேணுவதே மற்றெல்லாவற்றிற்கும் முந்திய கடமை எனத் தம் சட்டநூலில் விதித்தார். அப்படியிருந்தும் காலப்போக்கில் தடைகள் தோன்றின. துறவிகள் ஊதியம் கருதி மருத்துவத்தில் இறங்கி ஆன்மப் பணியை மறந்துவிடக்கூடாது என்ற கவலை ஒருபுறம். குருவின் கையால் இரத்தம் சிந்தப்படலாகாது என்ற அச்சம் மறுபுறம். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், அறுத்தும் சுட்டும் செய்யும் சிகிச்சையைக் குருக்கள் கைக்கொள்ளலாகாது எனத் தடுத்தது. 1917-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பும், திருப்பீடத்தின் சிறப்பு அனுமதியின்றி குருக்களும் துறவியரும் மருத்துவத் தொழில் செய்யலாகாது என்றே கூறியது. அருட்சகோதரிகள் நோயாளரைக் கழுவலாம், உணவூட்டலாம், புண்ணைத் துடைக்கலாம். மருத்துவராய் நின்று சிகிச்சை அளிக்கவோ மகப்பேறு பார்க்கவோ இயலாது.

இத்தடைகளை விதித்தவர்கள் இரக்கமற்றவர்கள் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. அவரவர் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் ஒரு காலத்தின் நியாயம் மற்றொரு காலத்தின் துயரத்தைக் காணாமற்போவதும் உண்டு. ஆண் மருத்துவர் தொடலாகாது என்ற வழக்கம் வேரூன்றியிருந்த அந்நாளைய இந்தியாவில், பேறுகால வேதனையில் துடித்த எத்தனையோ பெண்கள் மருத்துவர் பக்கத்துத் தெருவில் இருந்தும் மாண்டார்கள். நம் தமிழகமே இதற்குச் சான்று. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து, தம் மனைவியரின் பேறுகாலத்துக்கு உதவுமாறு ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்தனர். அவர்தம் தந்தையோ மருத்துவர். ஆயினும் அவர் ஆண் என்பதால் அவரை அழைத்துச் செல்ல அம்மூவரும் மறுத்தனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அந்த இரவே அம்மையாரை மருத்துவம் படிக்கச் செய்தது. பின்னாளில் வேலூர் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த பணிக்கும் அதுவே வித்து. நம் பிரிந்த சகோதரரின் சபைகள் இப்படிப் பெண் மருத்துவர்களை அனுப்பிக்கொண்டிருந்த வேளையில், கத்தோலிக்கச் சகோதரிகளின் கைகள் கட்டப்பட்டிருந்தன.

கதவைத் தட்டியவர்கள்

இக்கட்டினை அவிழ்க்க முதலில் எழுந்தவர் ஆயருமல்லர், துறவியுமல்லர். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1837-இல் பிறந்த ஆக்னஸ் மெக்லாரன் என்ற பொதுநிலைப் பெண்மணியே அவர். தம் நாட்டில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்ட நிலையில், பிரான்சின் மோன்பெலியே பல்கலைக்கழகம் சென்று பயின்று 1878-இல் பட்டம் பெற்றார். கத்தோலிக்க மறையைத் தழுவியபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்வை நாடவேண்டிய அம்முதுமையில்தான், இந்தியப் பெண்களின் நிலை அவர் செவிக்கு எட்டியது. இன்று பாகிஸ்தானில் உள்ள இராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு மருத்துவமனை 1909-இல் தோன்ற அவரே காரணரானார். கட்டடம் எழுந்தது, மருத்துவம் கற்ற சகோதரிகள்தாம் இல்லை. தடை நீங்க வேண்டும் என்று மன்றாட அவர் ஐந்துமுறை உரோமைக்குப் பயணமானார். விடை கிடைக்காமலே 1913-இல் கண் மூடினார்.

விதை மண்ணில் விழுந்து மடிந்தது. ஆனால் மடிந்தபடியே கிடந்துவிடவில்லை. 1915-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், மேரி குளோரி என்ற இளம் மருத்துவரின் கைக்கு மெக்லாரன் அம்மையாரைப் பற்றிய ஒரு சிறு நூல் கிடைத்தது. அதைப் படித்து முடித்தவுடன் தம் வாழ்வின் அழைப்பு இதுவே எனத் தெளிந்தார். போர்க்காலம் முடியும்வரை காத்திருந்தார். மகப்பேறு, பெண்கள் நோய், கண் மருத்துவம் ஆகியவற்றில் மேற்பட்டமும் பெற்றார். 1920-இல் ஆந்திர நாட்டின் குண்டூருக்கு வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். துறவியாகவும் மருத்துவராகவும் ஒருங்கே பணியாற்றத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவருக்குத் தனி அனுமதி வழங்கினார். திரு இருதய மரி எனத் துறவுப் பெயர் பூண்ட அச்சகோதரி, சிறு மருந்தகம் ஒன்றிலிருந்து புனித சூசையப்பர் மருத்துவமனையை வளர்த்தெடுத்தார். உள்ளூர்ப் பெண்களுக்கே மருந்து கலக்கவும் பேறுகாலம் பார்க்கவும் செவிலியராய்ப் பணிபுரியவும் பயிற்சி அளித்தார்.

அதே 1920-ஆம் ஆண்டு இராவல்பிண்டிக்கு வந்தவர் ஆஸ்திரியாவின் திரோல் மலைநாட்டில் பிறந்த அன்னா டெங்கல். மெக்லாரனின் வேண்டுகோளைப் படித்து அவருக்கு மடல் எழுதியவர். அவரை நேரில் கண்டதில்லை. ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் மருத்துவம் செய்ய அவர்கள் ஏற்கும் பட்டம் வேண்டும் என்பதற்காக, அயர்லாந்தின் கார்க் நகரம் சென்று படித்து 1919-இல் தேறினார். இராவல்பிண்டியில் சில ஆண்டுகள் தனியொருவராய் உழைத்து உடலும் உள்ளமும் சோர்ந்தபோது அவர் ஓர் உண்மையை உணர்ந்தார்: ஒருவர் சுமக்கும் சுமையன்று இது; குழுவாய்ச் சேர்ந்து, இறைவனுக்குத் தம்மைக் கையளித்துச் சுமக்க வேண்டியது. 1925-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நான்கு பெண்களோடு மருத்துவ மறைபரப்புச் சகோதரிகளின் குழு தோன்றியது. சட்டம் இடங்கொடாமையால் அவர்கள் வெளிப்படையான வார்த்தைப்பாடு கொடுக்க இயலவில்லை. ஆயினும் கீழ்ப்படிந்தார்கள், காத்திருந்தார்கள், கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் அக்கதவு திறந்தது. மறைபரப்புப் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தல், மறைபரப்பு நாடுகளில் தாய் சேய் உயிர் காக்க அருட்சகோதரிகள் மருத்துவமும் செவிலியர் கல்வியும் கற்றுத் தேறவேண்டும் என்று ஊக்குவித்தது. நேற்றுவரை விலக்கப்பட்டது அன்றுமுதல் வேண்டப்பட்டது. மெக்லாரன் அம்மையார் இறந்து 23 ஆண்டுகள் கழிந்திருந்தன.

மருத்துவமனையிலிருந்து ஊருக்குள்

1943-இல் இரண்டாம் உலகப் போரின் நெருக்கடி நடுவே, குண்டூரில் அச்சகோதரி மற்றொரு வித்தை ஊன்றினார். ஆங்காங்கே தனித்தனியே உழைத்த கத்தோலிக்க மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் ஒன்றிணைத்து ஒரு சங்கம் கண்டார். அதுவே இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கமாக வளர்ந்தது. அவர் 1957-இல் பெங்களூரில் புற்றுநோயால் இறந்தார். 2013-இல் இறை ஊழியர் என அறிவிக்கப்பட்டார். பிறர் நோயைத் தீர்த்தவர் தம் நோயைச் சிலுவையாய் ஏற்றுச் சுமந்தார்.

மருத்துவமனைகள் பெருகிய பின் வேறொரு கேள்வி எழுந்தது. நோயாளி நம் வாயிலுக்கு வரும்வரை காத்திருப்பதா, நோய் பிறக்கும் இடத்திற்கே நாம் செல்வதா? வேலூரில் மருத்துவம் பயின்ற ரஜனிகாந்த், மேபல் ஆரோலே தம்பதியர் 1970-இல் மராட்டிய மாநிலத்தின் ஜாம்கேட் என்னும் வறண்ட பகுதிக்குச் சென்று, எழுத்தறியாத கிராமத்துப் பெண்களையே தம் ஊரின் நலவாழ்வுப் பணியாளராக ஆக்கிக் காட்டினர். தூய நீர், தடுப்பூசி, கருவுற்ற தாய்க்குச் சத்துணவு ஆகியவையே பல நோய்களுக்கு முதல் மருந்து என்பது அங்கு கண்கூடாயிற்று. 1978-இல் அல்மா-அதா நகரில் கூடிய உலக நாடுகளின் மாநாடு, ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பே அனைவருக்கும் நலவாழ்வு தரும் வழி என அறிக்கையிட்டது. நம் அருட்சகோதரியரும் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குக்கிராமங்களுக்கு நடந்தனர்.

மற்றொரு கதவு

மருத்துவக் கதவு மூடியிருந்த நூற்றாண்டுகளிலேயே வேறொரு கதவும் மெல்லச் சாத்தப்பட்டது. நோயுற்றவர் மூப்பரை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி மன்றாடட்டும் என்று திருத்தூதர் யாக்கோபு தம் திருமுகத்தில் பணித்தது, நோயாளி எழுந்து நிற்கும் பொருட்டே. ஆனால் காலப்போக்கில் அத்திருவருட்சாதனம் இறுதி மூச்சுக்குத் தள்ளப்பட்டது. நம் முன்னோர் அதை அவஸ்தைப்பூசுதல் என்றே அழைத்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல், இது சாவின் வாயிலில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று எனத் தெளிவுபடுத்தியது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் அதன் திருச்சடங்கைப் புதுப்பித்தார். நாமும் நோயில்பூசுதல் என்று பெயரை மாற்றிக்கொண்டோம். மனத்தை மாற்றிக்கொண்டோமா?

நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் நிகழ்ந்த ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த பங்கில், மலையடிவாரக் கிளைக்கிராமம் ஒன்றில் ஒரு தாய் மாதக்கணக்கில் படுத்திருந்தார். மருந்தகத்துச் சகோதரி அந்தி தோறும் சென்று ஊசி போட்டு, கஞ்சி குடித்தாரா என்று கேட்டு, கட்டிலோரம் அமர்ந்து செபமாலை சொல்லிவிட்டு வருவார். உடல் தேறிவந்த வேளையில் கணவர் வந்து அழைக்க, நாம் தைலச் சிமிழுடன் போய் நின்றோம். நம்மைக் கண்டதும் அத்தாயின் முகம் வெளுத்தது. "சாமி, எனக்கு நாள் முடிஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாம் விளக்கிச் சொன்ன இறையியல் எதுவும் அவர் செவியில் ஏறவில்லை. அன்றிரவு அவர் கஞ்சியும் குடிக்கவில்லை என்று அறிந்தோம்.

மறுநாள் அச்சகோதரி நம்மிடம் சொன்னது: "ஃபாதர், இதுக்கு முன்னால ஒரு நாளாவது சும்மா வந்து பாத்திருந்தீங்கன்னா, அந்த அம்மா பயந்திருக்க மாட்டாங்க."

குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் கற்ற திருவருட்சாதன இயலைவிட அந்த ஒரு வாக்கியம் நமக்கு அதிகம் கற்பித்தது. சகோதரியின் கையில் இருந்த ஊசியைக் கண்டு அத்தாய் அஞ்சவில்லை. நம் கையில் இருந்த எண்ணெயைக் கண்டு அஞ்சினார். காரணம் எளிது. சகோதரி நாள்தோறும் வந்தார். நாம் ஒரேயொரு நாள் வந்தோம். அதன்பின் நாம் அவ்வீட்டுக்குச் சிமிழின்றியே பலமுறை சென்றோம். வெற்றிலைத் தட்டை நகர்த்தி உட்கார இடம் தந்து, பேரப்பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவர் நம்மோடு பழகினார். தவக்காலத்தில் ஒரு நாள், "சாமி, அந்த எண்ணெயைக் கொண்டாந்து பூசிவிடுங்க" என்று அவரே கேட்டார்.

அன்புக்குரிய இறைமக்களே, மெக்லாரன் அம்மையார் ஒரு பொதுநிலையினர். மேரி குளோரி அம்மையார் அந்தச் சிறுநூலைப் படித்தபோது அவரும் பொதுநிலையினரே. திருச்சபையின் பெரிய கதவுகளைத் தட்டித் திறந்தவை உங்களைப் போன்றோரின் கைகளே. இன்று சட்டத்தின் தடை எதுவும் நம்முன் இல்லை, மருத்துவமனைகளும் பல. ஆயினும் நம் தெருக்களில் மாத்திரைச் சீட்டோடு தனித்துக் கிடக்கும் முதியோர் எத்தனை பேர்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, திங்கள்தோறும் பணம் வந்து சேர, பேச்சுத்துணை மட்டும் வராத வீடுகள் எத்தனை? மனநோயால் வாடுவோரை ஊரார் கண்ணில் படாமல் பின்கட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை?

அன்பியக் கூட்டம் கூடும்போது, செபம் முடிந்து கலைவதற்கு முன், இத்தெருவில் இவ்வாரம் நோயுற்றிருப்பவர் யார் என்று ஒருவர் கேட்கட்டும். இருவர் சென்று பார்க்கட்டும். மருத்துவரிடம் அழைத்துப்போக ஆளில்லையெனில் ஒருவர் உடன் செல்லட்டும். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் ஏற்கெனவே செய்துவரும் இப்பணி, அவர்களுக்கு மட்டுமே உரியதென்று நாம் ஒதுங்கியிராதிருப்போம். நோய் முற்றுமுன்பே பங்குத்தந்தையை அழையுங்கள். அழைக்காவிட்டாலும் வரவேண்டியது எம் கடமை என்பதை எமக்கு நினைவூட்டுங்கள்.

நல்ல சமாரியர் காயத்தில் வார்த்தது எண்ணெயும் திராட்சை இரசமும். அவர் அதை வார்த்துவிட்டு அங்கிருந்து போய்விடவில்லை. அடிபட்டவனைத் தம் விலங்கின்மேல் ஏற்றினார், சாவடிக்குக் கொண்டுபோனார், அவ்விரவு அவனோடு தங்கினார். வரும் பிப்ரவரி 11-ஆம் நாள் கோவிலுக்கு வரும் நோயாளருக்குப் பழம் கொடுத்து அனுப்பும்போது, அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்வோம். மறுநாள் மாலை அங்கே போக வேண்டுமல்லவா?